எத்தனையை எத்தனையால் வகுப்பது? நாடாளுமன்றத்தின் வாக்குக் கணக்கு

1970 செப்டம்பர் 5 அன்று, முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்த மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. ஆதரித்தவர்கள் எதிர்த்தவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனாலும் மசோதா தோற்றது. வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்பது 149.33. ஒரு வாக்கைவிடக் குறைவான பின்னத்தில் விழுந்தது. இன்னும் ஒரே ஒருவர் வந்து ஆதரித்திருந்தால் 225க்கு 150, சரியாக மூன்றில் இரண்டு, மசோதா நிறைவேறியிருக்கும். மானியம் ஒழிய 1971இல் 26ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செய்திகளில் ‘பெரும்பான்மை’ என்ற ஒரே சொல்தான் வரும். ஆனால் நாடாளுமன்றத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி சட்டம் அரசிதழில் வரும்வரை, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வகுத்தல் ஒவ்வொரு இடத்திலும் வேறு. கீழே போடும் எண் மொத்த உறுப்பினரா, அன்று வந்தவரா, வாக்களித்தவரா, செல்லுபடியான வாக்கா? இது தெரியாமல் ‘எண்ணிக்கை இருந்தும் ஏன் தோற்றார்கள்’, ‘எண்ணிக்கை இல்லாமலே எப்படி நிறைவேற்றினார்கள்’ என்று குழம்புவதில் பயனில்லை. இந்தப் பதிவு அந்த வகுத்தலைப் பற்றியது.

மக்களவை: வகுத்தலே இல்லாத தேர்தல்

543 தொகுதிகள், தொகுதிக்கு ஒருவர். தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1. பட்டியல் சாதியினருக்கு 84, பழங்குடியினருக்கு 47 தொகுதிகள் ஒதுக்கீடு. ஆங்கிலோ இந்தியருக்கான இரண்டு நியமன இடங்கள் 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டன. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற பங்கீடு 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிற்கிறது. 1976இல் 42ஆவது திருத்தம் அதை உறைய வைத்தது. 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2008 மறுவரையறையில் தொகுதிகளின் எல்லைதான் மாறியது, மாநிலத்துக்கான எண்ணிக்கை மாறவில்லை. தொகுதி மறுவரையறை பற்றிப் பேசும் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

இங்கே வெற்றிக்கு எந்தக் குறைந்தபட்ச அளவும் கிடையாது. அடுத்தவரைவிட ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினால் போதும். 2014இல் பா.ஜ.க. நாடு முழுவதும் சுமார் 31 சதவீத வாக்குகளில் 282 இடங்களைப் பிடித்தது. 2024இல் தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டில் பாதிக்கும் குறைவான வாக்குகளில் 39க்கு 39 வென்றது. இரண்டும் விதிப்படி சரியான முடிவுகளே. எதிர்வாக்குகள் பல பக்கம் சிதறினால் முறை இப்படித்தான் வேலை செய்யும்.

வகுத்தல் வரும் ஒரே இடம் டெபாசிட். பொதுப் பிரிவினருக்கு 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 12,500. செல்லுபடியான மொத்த வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் தோற்றவருக்குப் பணம் திரும்பும். அந்த மொத்தத்தில் நோட்டா வாக்குகள் சேராது. 12 லட்சம் வாக்கு பதிவாகி அதில் 30,000 நோட்டா என்றால், ஆறால் வகுக்க வேண்டியது 11,70,000ஐ. வேண்டிய அளவு 2,00,000 இல்லை, 1,95,000.

வேட்புமனுவில் சறுக்குவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும்; மற்றவர்களுக்குப் பத்துப் பேர், அவர்கள் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாகவே இருக்க வேண்டும். பத்தில் ஒருவரின் பெயர் பக்கத்துத் தொகுதிப் பட்டியலில் இருந்தால் மனு போச்சு. சொத்து, கடன், வழக்கு விவரம் தரும் படிவம் 26இல் கட்டங்களைக் காலியாக விடுவது இன்னொரு காரணம். ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். அதிகாரி சுட்டிக்காட்டிய பிறகும் வெற்றிடமாகவே விட்டால் மனு தள்ளுபடி. ஒருவர் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம் என்ற வசதி இதற்காகத்தான், அதைப் பயன்படுத்தாமல் ஒரே மனுவை நம்பி நிற்பது அவசியமற்ற ஆபத்து.

வாக்குப்பதிவு நாளில் கவனிக்க வேண்டியது மாதிரி வாக்குப்பதிவு. தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டுப் பார்த்து, எண்ணி, அழித்துவிட்டு, வாக்கைச் சீட்டில் அச்சிடும் விவிபேட் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்துவிட்டுத்தான் உண்மையான வாக்குப்பதிவு. அழிக்க மறந்தால் மாலையில் இயந்திரம் காட்டும் எண்ணிக்கை, வாக்குச்சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யில் இருப்பதைவிட அந்த ஐம்பது கூடுதலாக நிற்கும். அத்தகைய இயந்திரத்தை எண்ணும் நாளில் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அந்த இயந்திரத்தின் மொத்த வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால்தான் அது திரும்ப மேசைக்கு வரும். அதனால் வாக்குச்சாவடி முகவர் தன் 17சி நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகவே கூடாது. பிறகு எழும் எந்தக் கேள்விக்கும் கையில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

மாநிலங்களவை: ஒரு வாக்குக்கு நூறு புள்ளி

மாநிலங்களவையில் 245 இடங்கள். 233 பேர் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், 12 பேர் குடியரசுத் தலைவர் நியமிப்பவர்கள். இந்த அவையைக் கலைக்க முடியாது. பதவிக்காலம் ஆறு ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். தமிழ்நாட்டின் 18 இடங்கள் ஆறு ஆறாகத் தேர்தலுக்கு வரும். வாக்காளர்கள் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே, நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு வாக்கில்லை.

முறை: மாற்றத்தக்க ஒற்றை வாக்கு. எத்தனை இடம் காலியாக இருந்தாலும் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஒரே வாக்குதான். அந்தச் சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கான தேர்தலில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 புள்ளி மதிப்பு. செல்லுபடியான சீட்டுகளின் மொத்தப் புள்ளியை (காலியிடம் + 1) ஆல் வகுத்து, பின்னத்தைத் தள்ளி, 1 கூட்டினால் வருவது கோட்டா, அதாவது வெல்லத் தேவையான புள்ளி.

தமிழ்நாட்டுக்கு: 234 பேரும் சரியாக வாக்களித்தால் 23,400 புள்ளி. ஆறு இடம், எனவே ஏழால் வகுக்க 3,342.86. பின்னம் போக 3,342. ஒன்று கூட்ட 3,343. முதல் விருப்பம் 34 பெற்றவர் 3,400 புள்ளியோடு நேராக வென்றுவிடுவார். ‘ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.’ என்று செய்திகளில் வருவது இங்கிருந்துதான். ஏன் ஏழால் வகுக்க வேண்டும்? 3,343ஐ ஆறு பேர் எட்ட முடியும், ஏழு பேர் எட்டவே முடியாது. அந்தத் தன்மை உள்ள மிகச் சிறிய முழு எண் அதுதான்.

ஒருவர் 40 முதல் விருப்பங்கள் வாங்கினால் அவருக்கு 4,000 புள்ளி, உபரி 657. இந்த உபரி வீணாகாது. அவருடைய 40 சீட்டிலும் அடுத்த விருப்பம் எழுதியிருந்தால் 657ஐ 40ஆல் வகுத்து, பின்னம் தள்ளி, சீட்டுக்கு 16 புள்ளி வீதம் அடுத்தவருக்குப் போகும். 640 போய்ச் சேரும். 17 புள்ளி பின்னமாகக் கரைந்துவிடும். ஐந்து பேர் 1 மட்டும் போட்டுவிட்டு நிறுத்தியிருந்தால் மீதி 35 சீட்டால் வகுத்து, சீட்டுக்கு 18. உபரி மாற்றிய பிறகும் இடங்கள் நிரம்பவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி அவர் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

இப்போது இந்த எண்களைக் கவனியுங்கள். ஆளும் அணிக்கு 133, எதிரணிக்கு 101 என்று வைத்துக்கொள்வோம். 133 என்பது நூற்றுக்கு 57. ஆறில் நான்கு இடம் கிடைக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நான்கு கோட்டா 13,372. கையில் இருப்பது 13,300. மூன்று கோட்டா 10,029, எதிரணியிடம் 10,100. எதிரணி தன் மூன்று வேட்பாளர்களுக்கு 34, 34, 33 என்று பிரித்து வாக்களித்து, முதல் இருவரின் சீட்டுகளிலும் இரண்டாம் விருப்பத்தை மூன்றாமவருக்குப் போட்டால், ஆளுக்கு 57 உபரி, சீட்டுக்கு 1 வீதம் 34 புள்ளி, இருவரிடமிருந்து 68. மூன்றாமவர் 3,300இலிருந்து 3,368க்குப் போய் வென்றுவிடுவார். ஆக, மூன்றுக்கு மூன்று.

எதிரணியில் ஒருவர் ஆளும் அணிக்கு மாறி வாக்களித்தால்? 134க்கு 100. எதிரணியிடம் 10,000தான், 10,029 எட்டாது. நான்காவது இடம் ஆளும் அணிக்குப் போகும். அதே ஒருவரின் வாக்கு மாறாமல், செல்லாததாக மட்டும் ஆகியிருந்தால்? செல்லுபடியானவை 233 ஆகும், கோட்டாவும் இறங்கும்: 23,300ஐ ஏழால் வகுத்து 3,328, கூட்டல் 1, ஆக 3,329. மூன்று கோட்டா 9,987. எதிரணியின் 10,000 போதும், மூன்றாவது இடம் தப்பிவிடும். செல்லாத வாக்கு மொத்தப் புள்ளியைக் குறைத்து, கோட்டாவையும் சேர்த்து இறக்குகிறது. மாறி விழுந்த வாக்கு இறக்குவதில்லை. மாநிலங்களவைத் தேர்தலில் கட்சிகள் ஒவ்வொரு சீட்டையும் இப்படிக் காத்துக் கிடப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

2017 ஆகஸ்டில் குஜராத்தில் நடந்தது இதன் நேரடிச் சான்று. மூன்று இடம், 176 பேர் வாக்களித்தார்கள். அப்படியே எண்ணியிருந்தால் கோட்டா 17,600 ÷ 4 + 1 = 4,401. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் பெற்றது 44 வாக்கு, அதாவது 4,400 புள்ளி. ஒரு புள்ளி குறைவு. ஆனால் இரண்டு எம்.எல்.ஏ.க்கள் தங்கள் சீட்டை, காட்டக் கூடாதவருக்குக் காட்டிவிட்டார்கள் என்ற புகாரில் தேர்தல் ஆணையம் அந்த இரண்டையும் செல்லாதவை என்று அறிவித்தது. 174 ஆனதும் கோட்டா 4,351. 44 வாக்கு முதல் எண்ணிக்கையிலேயே போதுமானதாகிவிட்டது.

சீட்டைக் காட்டுவது பற்றிய விதி 2003இல் வந்தது. அதுவரை ரகசிய வாக்கு. பணம் கைமாறுவதைத் தடுக்கவென்று வெளிப்படை வாக்காக மாற்றினார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் குல்தீப் நய்யார் வழக்கில் அதை ஏற்றது. கட்சி எம்.எல்.ஏ. தன் சீட்டைத் தன் கட்சியின் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் காட்டியே பெட்டியில் போட வேண்டும். காட்ட மறுத்தாலும் செல்லாது, வேறு யாரிடமாவது காட்டினாலும் செல்லாது. வேடிக்கையாகத் தோன்றும் ஒன்று: கட்சிக்கு எதிராக வாக்களித்ததை முகவர் கண்ணால் பார்த்தாலும், கட்சித் தாவல் சட்டப்படி அந்த எம்.எல்.ஏ.வின் பதவியைப் பறிக்க முடியாது. இந்தத் தேர்தல் அவை நடவடிக்கை அல்ல என்பதால், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவு இங்கே அப்படிக் கட்டுப்படுத்தாது. கட்சியை விட்டு நீக்கலாம், அவ்வளவே.

சீட்டு செல்லாமல் போகும் மற்ற வழிகள்: 1 என்ற எண்ணே இல்லாமை, இரண்டு பேருக்கு 1 போடுதல், எண்ணுக்குப் பதில் ‘ஒன்று’ என்று எழுத்தில் எழுதுதல், டிக் அடித்தல், அதிகாரி கொடுத்த பேனா அல்லாமல் வேறொன்றால் எழுதுதல். கடைசிக் காரணம் அற்பமாகத் தெரியலாம். 2016இல் ஹரியாணாவில் பத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வேறு மையில் எழுதப்பட்டவை என்று தள்ளப்பட்டு, தேர்தலின் முடிவே மாறியது. நோட்டாவும் இங்கே இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களவைத் தேர்தலிலிருந்து எடுத்துவிட்டது.

சமமாக வந்தால் குலுக்கல். இங்கேதான் இரண்டு தேர்தல்களும் நேர் எதிர். மக்களவைத் தேர்தலில் குலுக்கலில் பெயர் வந்தவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகச் சேர்ந்து அவர் வெல்வார். மாநிலங்களவையில் யார் பெயர் வருகிறதோ அவர் நீக்கப்படுவார். 2024 பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசத்தில் 68 உறுப்பினர்களின் வாக்கு 34க்கு 34 என்று நின்றது. குலுக்கலில் பெயர் எடுக்கப்பட்ட அபிஷேக் மனு சிங்வி தோற்றார், எடுக்கப்படாத ஹர்ஷ் மகாஜன் எம்.பி. ஆனார். நீக்குவதற்காக எடுக்கும் குலுக்கல் என்பதால் விதியின் தர்க்கம் அப்படி. பார்க்கிறவர்களுக்கு அது தலைகீழாகத் தெரிவதில் வியப்பில்லை.

இடைத்தேர்தலில் வகுக்கும் எண் இன்னொரு விதமாக மாறும். ஓர் இடம் மட்டும் என்றால் வகுக்க வேண்டியது இரண்டால், அதாவது பாதிக்கு மேல் வேண்டும். 2019இல் அமித் ஷா, ஸ்மிருதி இரானி இருவரும் மக்களவைக்குப் போனதால் குஜராத்தில் இரண்டு மாநிலங்களவை இடங்கள் ஒரே நேரத்தில் காலியாயின. இரண்டையும் தனித்தனிக் காலியிடமாகக் கருதி, ஒரே நாளில் இரண்டு தேர்தலாக நடத்தினார்கள். சேர்த்து நடத்தியிருந்தால் மூன்றால் வகுத்து, எதிர்க்கட்சிக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். பிரித்ததில் இரண்டும் ஆளுங்கட்சிக்கு. தனித்தனிக் காலியிடம் என்பதற்குச் சட்ட ஆதாரம் இருக்கிறது. ஆனால் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்ற நோக்கம் அதில் அடிபட்டுப் போவதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

மசோதாவுக்குள் வந்தால்

சாதாரண மசோதா எந்த அவையிலும் தொடங்கலாம். அறிமுகம், தேவைப்பட்டால் நிலைக்குழு (மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 பேர்), பிறகு பொது விவாதம், பிரிவு பிரிவாகத் திருத்தங்கள், கடைசியில் முழு மசோதா மீது வாக்கெடுப்பு. நிலைக்குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் கணிப்பில் ஒரு மசோதாவின் தரம் மிகுதியும் இந்த ஒரு முடிவில்தான் தங்கியிருக்கிறது. அவையில் விவாதம் பேச்சாகப் போய்விடும், குழுவில்தான் ஒவ்வொரு சொல்லையும் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

வாக்கெடுப்பில் வகுக்கும் எண் ‘அவையில் இருந்து வாக்களித்தவர்கள்’. நடுநிலை வகித்தவரும், வெளிநடப்புச் செய்தவரும் கணக்கில் வரமாட்டார்கள். மக்களவையில் 55 பேரும் மாநிலங்களவையில் 25 பேரும் இருந்தாலே குறைந்தபட்ச வருகை நிறைந்துவிடும். அதனால் வெளிநடப்பு என்பது எதிர்ப்பு வாக்கு அல்ல. ஆதரவுப் பக்கத்தின் வேலையைக் குறைத்துக் கொடுக்கும் செயல். 2019 ஜூலை 30 அன்று முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99க்கு 84 என்று நிறைவேறியது. வித்தியாசம் 15. மசோதாவை எதிர்ப்பதாகப் பேசிவிட்டு வெளியேறிய கட்சிகளில் அ.தி.மு.க.வும் ஐக்கிய ஜனதா தளமும் உண்டு. வாக்களித்தவர்கள் 183 பேரே என்பதால் 92 போதுமானதாக இருந்தது. எல்லோரும் வந்து வாக்களித்திருந்தால் 99 போதவே போதாது.

பெரும்பாலான மசோதாக்களில் எண்ணுவதே கிடையாது. ‘ஆம் என்போர்’, ‘இல்லை என்போர்’ என்று குரல் வாக்கெடுப்பு. சந்தேகம் இருந்தால் உறுப்பினர் டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும். கேட்டால் மணி ஒலித்து, லாபி கதவுகளை மூடி, பொத்தான் மூலம் பதிவு. பலகையில் முதலில் வரும் எண் ‘திருத்தத்துக்கு உட்பட்டது’ என்றே அறிவிக்கப்படும். பொத்தான் பதியாதவர்களின் சீட்டுகள் பிறகு சேரும். தொலைக்காட்சியில் பார்த்த எண்ணும் மறுநாள் செய்தித்தாளில் வரும் எண்ணும் சற்றே வேறுபடுவது இதனால்தான். 2020 செப்டம்பர் 20 அன்று இரண்டு வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. டிவிஷன் கேட்டோம் என்றது எதிர்த்தரப்பு. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்றது அவையை நடத்திய தரப்பு. எண்ணியிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதை இனி யாராலும் நிறுவ முடியாது. எண்ணக் கேட்டால் எண்ணிவிடுவதே அவைக்கு மரியாதை.

மசோதா மீதான வாக்கில் கொறடா உத்தரவு முழு வலுவோடு வரும். மீறி வாக்களித்தாலோ, வராமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணைப்படி பதவி போகலாம்.

இரண்டு அவைகளும் முரண்பட்டால் மூன்று பாதை. சாதாரண மசோதா என்றால் கூட்டுக் கூட்டம். ஓர் அவை நிராகரித்தாலோ, திருத்தத்தில் ஒத்துப்போகாவிட்டாலோ, ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் போட்டாலோ குடியரசுத் தலைவர் அழைக்கலாம். மக்களவை சபாநாயகர் தலைமை. 543 பேரும் 245 பேரும் ஒரே கூடத்தில் தலைக்கு ஒரு வாக்கு என்று உட்கார்ந்தால் மக்களவையில் வலுவான பெரும்பான்மை உள்ளவர் வெல்வது ஏறத்தாழ உறுதி. இதுவரை மூன்று முறைதான் நடந்திருக்கிறது: 1961 வரதட்சணைத் தடை, 1978 வங்கிப் பணி ஆணைய ரத்து, 2002 பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். பொடா மசோதாவை மாநிலங்களவை நிராகரித்த சில நாட்களில், மார்ச் 26 அன்று, கூட்டுக் கூட்டம் 425க்கு 296 என்று நிறைவேற்றியது.

வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டுமே பற்றிய பண மசோதா என்றால் மாநிலங்களவையின் வாக்குக்கு எடையே இல்லை. 14 நாளுக்குள் பரிந்துரையோடு திருப்ப வேண்டும். மக்களவை அதை ஏற்கலாம், தள்ளலாம். திருப்பாவிட்டால் நிறைவேறியதாகவே பொருள். ஒரு மசோதா பண மசோதாவா என்று சான்றளிப்பது சபாநாயகர். 2016இல் ஆதார் மசோதா இப்படிச் சான்று பெற்று வந்தது. மார்ச் 16 அன்று மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அதே நாளில் மக்களவை ஐந்தையும் தள்ளிச் சட்டத்தை முடித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று அதை ஏற்றது. ஆனால் 2019 நவம்பரில் வேறொரு வழக்கில், பண மசோதா எது என்ற கேள்வியையே இன்னும் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. எனக்கு இந்த இடம்தான் முழு அமைப்பிலும் மிகவும் உறுத்துகிறது. 3,343 புள்ளி என்று பின்னம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஓர் அவையை ஒரே ஒருவரின் சான்றிதழ் ஓரமாக உட்கார வைத்துவிட முடிகிறது.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் கூட்டுக் கூட்டத்துக்கு வழியே கிடையாது. இரண்டு அவையும் தனித்தனியே, இரண்டு வகுத்தல்களில் ஒருசேரத் தேற வேண்டும். முதலாவது, அவையின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல்: மக்களவையில் 272, மாநிலங்களவையில் 123. இங்கே காலியிடமும் வராதவரும் கீழ் எண்ணில் சேர்ந்தே நிற்பார்கள், வெளிநடப்பு இங்கே உதவாது. இரண்டாவது, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு. 1970இல் 149 பேர் முதல் சோதனையைத் தாண்டி, இரண்டாவதில் விழுந்தார்கள். 1989இல் பஞ்சாயத்து ராஜ் பற்றிய 64ஆவது திருத்த மசோதாவும் மக்களவையைத் தாண்டி மாநிலங்களவையில் தோற்றது. கூட்டாட்சியைத் தொடும் சில பிரிவுகளுக்கு மூன்றாவது வகுத்தலும் உண்டு: மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவை ஒப்ப வேண்டும்.

மசோதா எந்த அவையில் பிறந்தது என்பதும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். மக்களவை கலைந்தால், அங்கே நிலுவையில் உள்ளதும், அங்கே நிறைவேறி மாநிலங்களவையில் காத்திருப்பதும் காலாவதியாகும். மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே இருப்பது பிழைத்திருக்கும். இதை எண்ணித்தான் பெண்கள் இட ஒதுக்கீட்டு மசோதாவை 2008இல் மாநிலங்களவையில் வைத்தார்கள். 2010 மார்ச் 9 அன்று 186க்கு 1 என்று அங்கே நிறைவேறியது. ஆனால் நிறைவேறி மக்களவைக்குப் போன கணத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 2014இல் அவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதாவுக்கும் இதே கதி: 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையில் முடியாமலே போனது.

இரண்டு அவையும் தாண்டியதும் குடியரசுத் தலைவர். ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், பண மசோதா அல்லாததை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். திரும்ப நிறைவேற்றினால் கையெழுத்திட்டே ஆக வேண்டும். 2006இல் ஆதாயம் தரும் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பினார். அவைகள் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்ற, கையெழுத்திட்டார். ஆனால் முதல்முறை எத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அரசியல் சட்டம் எண் எதுவும் தரவில்லை. 1986ஆம் ஆண்டின் அஞ்சல் திருத்த மசோதா ஜெயில் சிங்கின் மேசையிலேயே தங்கிப் போனதற்கு அந்த இடைவெளிதான் காரணம். அரசியல் சட்டத் திருத்த மசோதாக்களுக்கு மட்டும் 1971இன் 24ஆவது திருத்தம் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது.

அரசிதழில் வந்துவிட்டது என்பதால் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டத்தைத் திறந்ததும் முதல் பிரிவின் உட்பிரிவுகளைப் பாருங்கள். ‘மத்திய அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று அங்கே இருந்தால், அந்தத் தனி அறிவிக்கையைத் தேட வேண்டும். அதன் பிறகு ‘குறித்துரைக்கப்பட்டவாறு’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். அங்கெல்லாம் விதிகள் வந்தால்தான் வேலை நடக்கும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறி, மறுநாள் ஒப்புதல் பெற்றது. அமலுக்கு வந்தது 2020 ஜனவரி 10. விண்ணப்பம் எப்படி, யாரிடம் என்று சொல்லும் விதிகள் அரசிதழில் வந்தது 2024 மார்ச் 11.